சிறு படகின் அவுட்போர்டு மோட்டாரை நீங்களே மாற்றுவது எப்படி?

சிங்கப்பூரில், சாங்கியிலிருந்து புலாவ் உபின் பக்கமும், பொங்கோலிலிருந்து ஜொகூர் நீரிணையிலும் தூண்டில் போடச் செல்பவர்களில் பலர், படகின் பின்னால் வெளிப்புறம் தொங்கும் அவுட்போர்டு மோட்டார் காலாவதியானதும் யோசிக்காமல் பட்டறையை அழைத்துவிடுகிறார்கள். ஸ்டியரிங் கேபிளும் மின் இணைப்புகளும் நிறைந்த பெரிய மோட்டார்களுக்கு அதுவே சரி. ஆனால் 14 அடி ஃபைபர் படகில், கைப்பிடியால் திருப்பி ஓட்டும் 15 குதிரைத்திறன் மோட்டாரை, ஸ்பேனர் பிடித்துப் பழகிய இருவர் ஒரு வார இறுதியில் மாற்றிவிடலாம். மோட்டாரைக் கழற்றி மாட்டுவது இதில் எளிய பகுதி. அது தொங்கும் பின்பலகையைச் சரிபார்த்துத் தயார் செய்வதுதான் உண்மையான வேலை என்பதால், இந்த விளக்கத்தில் அதற்கே அதிக இடம் தந்திருக்கிறேன்.

வாங்குவதற்கு முன் அளவெடுங்கள்

டிரான்சம் எனப்படும் பின்பலகையின் நடுவில், மேல் விளிம்பிலிருந்து படகின் அடிப்பகுதி வரை நேர்செங்குத்தாக அளந்து பாருங்கள். ஏறத்தாழ 15 அங்குலம் இருந்தால் ஷார்ட் ஷாஃப்ட் (குட்டைத் தண்டு) மோட்டாரும், 20 அங்குலம் இருந்தால் லாங் ஷாஃப்ட் (நீளத் தண்டு) மோட்டாரும் பொருந்தும். பலகை சற்றே சாய்ந்திருக்கும் என்பதால், சாய்வை ஒட்டி அளந்தால் கணக்கு பிசகிவிடும். பழைய மோட்டார் என்ன அளவோ அதையே வாங்கிவிடலாம் என்று எண்ண வேண்டாம். முந்தைய உரிமையாளர் கிடைத்ததை மாட்டியிருக்கக்கூடும்.

அடுத்தது எடை. பழைய இரண்டு ஸ்ட்ரோக் மோட்டார் 40 கிலோவுக்குள் இருந்திருக்கலாம். அதே திறனுள்ள நான்கு ஸ்ட்ரோக் மோட்டார் 50 கிலோவை ஒட்டி வரும். அந்தக் கூடுதல் எடை முழுவதும் படகின் கடைக்கோடியில் விழுவதால், பின்பகுதி தாழ்ந்து, பெரிய படகு கிளப்பும் அலை பின்பலகையைத் தாண்டி உள்ளே வர வாய்ப்புண்டு. பெட்ரோல் கலனையும் நங்கூரத்தையும் முன்பக்கம் நகர்த்தினால் ஓரளவு சமன் செய்யலாம். படகில் உற்பத்தியாளர் பதித்த தகட்டில் அதிகபட்சக் குதிரைத்திறன் குறிக்கப்பட்டிருந்தால், அதை ஒருபோதும் மீறாதீர்கள். படகு உரிமத்தில் ஏதேனும் மாற்றம் தேவைப்படுமா என்று கடல்துறை, துறைமுக ஆணையத்திடமும், காப்புறுதி நிறுவனத்திடமும் முன்கூட்டியே கேட்டுவிடுவது நல்லது.

பழைய மோட்டாரைக் கழற்றுதல்

இந்த வேலையைப் படகு தரையில் அல்லது டிரெய்லரில் நிற்கும்போது மட்டுமே செய்யுங்கள். மிதவைத்துறையில் நின்றுகொண்டு 50 கிலோ இரும்பைத் தண்ணீருக்கு மேல் கைமாற்றுவது வீரமல்ல, விபத்துக்கு வழி. படகுக் கழகத்தில் வைத்துச் செய்வதானால், எந்த இடத்தில் பழுதுபார்ப்பு வேலைக்கு அனுமதி உண்டு என்று அலுவலகத்தில் கேட்டுக்கொள்ளுங்கள்.

பெட்ரோல் குழாயைப் பிடுங்கி, காற்றோட்டமான இடத்தில் கலனை மூடி ஒதுக்கி வையுங்கள். பேட்டரி இருந்தால் முதலில் கறுப்பு வயரையும் பிறகு சிவப்பு வயரையும் கழற்ற வேண்டும். பின்பலகையை இறுக்கிப் பிடித்திருக்கும் கிளாம்ப் திருகுகள் உப்பேறி இறுகிப்போயிருப்பது இங்கே சர்வசாதாரணம். துருநீக்கி எண்ணெயைத் தெளித்து ஓர் இரவு ஊறவிட்டால் பெரும்பாலும் அசைந்துகொடுக்கும். சுத்தியலால் அடித்தால் கிளாம்ப் வெடிக்கும். தூக்கும்போது செயின் பிளாக் எனப்படும் சங்கிலிக் கப்பி இருந்தால் நல்லது, இல்லாவிட்டால் இருவர் வேண்டும். எப்படித் தூக்கினாலும் என்ஜின் தலைப்பகுதி கீழே உள்ள கியர் பகுதியைவிடத் தாழக் கூடாது. தாழ்ந்தால் குழாயில் தேங்கிய உப்புநீர் சிலிண்டருக்குள் புகுந்துவிடும்.

பின்பலகையைச் சோதித்தல்

பெரும்பாலான ஃபைபர் படகுகளின் பின்பலகைக்குள் ஒட்டுப்பலகை இருக்கும். பழைய போல்ட் துளைகள் வழியாக நீர் கசிந்து, வெளியே பளபளப்பாக இருக்கும்போதே உள்ளே மரம் மக்கிப்போயிருக்கலாம். சுத்தியலின் கைப்பிடியால் பலகை முழுவதும் மெல்லத் தட்டிக்கொண்டே வாருங்கள். நல்ல மரம் கணீரென்று ஒலிக்கும். மக்கிய இடம் மந்தமாகப் பதில் சொல்லும். சந்தேகம் உள்ள இடத்தில், படகின் உட்பக்கத்திலிருந்து 3 மில்லிமீட்டர் துளை ஒன்றைப் போட்டு, துளைப்பானில் வரும் தூளை விரலில் எடுத்துப் பாருங்கள். வெளிர்நிறத்தில் பொடிப்பொடியாக உதிர்ந்தால் மரம் உலர்ந்து நலமாக உள்ளது. கருத்து, பிசுபிசுத்து, புளித்த நெடி அடித்தால் வேலையை அங்கேயே நிறுத்துங்கள். அந்தப் பலகையைப் புதுப்பிக்காமல் புதிய மோட்டாரை மாட்டுவது பணத்தைக் கடலில் போடுவதற்குச் சமம்.

பலகை நலமாக இருந்தால், பழைய துளைகளையும் சோதனைத் துளைகளையும் எப்பாக்சி எனப்படும், கலந்ததும் இறுகும் பிசின் கலவையால் அடைக்க வேண்டும். அதற்கு முன் துளையைச் சற்றுப் பெரிதாக்கி, உட்புறம் நன்றாக உலரவிடுங்கள். நம் ஊரின் பிற்பகல் மழையையும் காற்றின் ஈரப்பதத்தையும் பார்த்தால், மேலே தார்ப்பாய் கட்டுவது கட்டாயம். முப்பது பாகை வெயிலில் எப்பாக்சி மிக விரைவாக இறுகும் என்பதால், டப்பாவில் குறிப்பிட்டுள்ள நேரத்தை நம்பி மொத்தமாகக் கலக்காமல், ஒரு துளைக்கு வேண்டிய அளவு மட்டும் கலந்து, அதை முடித்த பின் அடுத்ததற்குப் போங்கள்.

புதிய மோட்டாரை மாட்டுதல்

மோட்டாரைப் பின்பலகையின் நடுக்கோட்டில் தொங்கவிட்டு, புரொப்பெல்லருக்கு நேர் மேலே கிடைமட்டமாக நீண்டிருக்கும் தட்டைக் கவனியுங்கள். அது படகின் அடிமட்டத்துக்கு நேராகவோ, அதிகம் போனால் 1 அங்குலம் கீழேயோ இருக்க வேண்டும். மேலே ஏறியிருந்தால், திரும்பும்போது புரொப்பெல்லர் காற்றை இழுத்து, என்ஜின் வெறுமனே அலறும். மிகவும் தாழ்ந்திருந்தால் இழுவை கூடி, பெட்ரோல் வீணாகும்.

கிளாம்ப் திருகுகளில் கடலுக்குரிய கிரீஸைத் தடவி, இரண்டையும் மாறிமாறிக் கையால் இறுக்குங்கள். கிளாம்ப் மட்டும் போதும் என்று சிலர் விட்டுவிடுகிறார்கள். அதிர்வில் திருகு தளர்ந்து மோட்டார் கடலுக்குள் போவது அப்படித்தான். மோட்டாரைப் பலகையோடு பிடிக்கும் தாங்கியில் உள்ள துளைகள் வழியே 316 ரகத் துருப்பிடிக்காத எஃகு போல்ட்டுகளைச் செலுத்தி, உட்பக்கம் பெரிய வாஷரும் தானாகத் தளராத நட்டும் போட்டு முடுக்குங்கள். போல்ட்டின் தலைக்கு அடியிலும் துளைக்குள்ளும் கடல்பயன்பாட்டுப் பாலியுரேத்தேன் பசையைத் தாராளமாக இடுங்கள். முடுக்கும்போது பசை சுற்றிலும் பிதுங்கி ஒரு வளையமாக வந்தால்தான் உள்ளே இடைவெளி இல்லை என்று பொருள்.

எரிபொருள் குழாயின் இணைப்பு முனைகள் யமஹா, சுசுகி, டொஹாட்சு என்று நிறுவனத்துக்கு நிறுவனம் வேறுபடும். பழைய குழாயை ஒட்டுப்போட்டுப் பயன்படுத்தாமல் புதிதாக வாங்கிவிடுங்கள். நடுவில் உள்ள ரப்பர் கைப்பம்பில் பொறித்த அம்புக்குறி மோட்டாரை நோக்கியிருக்க வேண்டும். பெட்டியில் வரும் நான்கு ஸ்ட்ரோக் மோட்டாரில் பெரும்பாலும் என்ஜின் எண்ணெய் ஊற்றப்பட்டிருக்காது. எண்ணெய் மட்டம் காட்டும் அளவுகோலை உருவிப் பார்த்து, கையேட்டில் சொல்லியுள்ள ரகத்தை, சொல்லியுள்ள அளவுக்கு ஊற்றுங்கள்.

முதல் ஓட்டம்

தண்ணீரில் இறக்காமல் மோட்டாரை முடுக்கிப் பார்க்கும் ஆசையை அடக்கிக்கொள்ளுங்கள். குளிர்விக்கும் நீரை இழுக்கும் ரப்பர் இம்பெல்லர், வறண்டு சுழன்றால் சில விநாடிகளிலேயே கெடும். படகை இறக்கி, அவசர நிறுத்தக் கயிற்றை மணிக்கட்டில் மாட்டிக்கொண்டு முடுக்கியதும், மோட்டாரின் பின்புறத் துளையிலிருந்து நீர் பீய்ச்சுகிறதா என்பதை முதலில் பாருங்கள். வராவிட்டால் உடனே நிறுத்துங்கள். துளையில் தடித்த தூண்டில் நரம்பைச் செருகி அடைப்பை எடுத்த பிறகே மறுபடி முயலுங்கள். நிறுத்தக் கயிற்றை ஒருமுறை வேண்டுமென்றே இழுத்து, என்ஜின் அணைகிறதா என்பதையும் உறுதிசெய்யுங்கள்.

முதல் 10 மணி நேரம் புதிய என்ஜினைப் பழக்கும் காலம். வேகத்தைக் கூட்டியும் குறைத்தும் ஓட்டுங்கள். முழு வேகத்தில் நெடுநேரம் வைக்காதீர்கள். முதல் முறை கரை திரும்பியதும் போல்ட்டுகளை மறுபடி முடுக்கிப் பார்த்து, நன்னீரால் 10 நிமிடமாவது மோட்டாரின் உள்ளே அலசுங்கள்.

ஏறத்தாழ 20 மணி நேரம் ஓடிய பின் என்ஜின் எண்ணெயையும் கியர் எண்ணெயையும் மாற்ற வேண்டும். கழிவு எண்ணெயைக் கால்வாயில் கொட்டாதீர்கள். இந்தத் தீவில் மூன்றில் இரண்டு பங்கு நிலத்தின் மழைநீர் நீர்த்தேக்கங்களுக்குத்தான் போகிறது. அதை மூடியுள்ள கலனில் சேர்த்து, எண்ணெய் சேகரிக்கும் பட்டறையிடமோ படகுக் கழகத்திடமோ ஒப்படையுங்கள். வடித்த கியர் எண்ணெய் பால் கலந்தாற்போல் வெளுத்திருந்தால், கியர் பகுதிக்குள் நீர் புகுகிறது என்று பொருள். அதை உத்தரவாதக் காலத்துக்குள்ளேயே விற்பனையாளரிடம் காட்டிவிடுங்கள்.