13-10க்குப் பிறகு சண்டை போடுவது எப்படி

எங்கள் வீட்டு பேஸ்மெண்டில் சனிக்கிழமை அமெரிக்கன் ஃபுட்பால் ஆட்டம் பார்க்க பத்துப் பன்னிரண்டு பேர் வருவார்கள். எங்கள் ஊர் கொலம்பஸின் பல்கலைக்கழக டீம் ஓஹியோ ஸ்டேட் ஜெயித்தால் சாப்பிட்ட கையோடு கிளம்பிவிடுவார்கள். தோற்றால் யாரும் நகர மாட்டார்கள். எனக்கு இரண்டாவது தடவை டீ போடுகிற வேலை.

போன சனிக்கிழமை (2025 டிசம்பர் 6) இண்டியானாபொலிஸில், நாங்கள் ஆடுகிற காலேஜ் லீகான பிக் டென்னின் சாம்பியன்ஷிப் ஆட்டம். இண்டியானாவிடம் 13-10 என்று தோற்றோம். "போன வருஷம் மிஷிகன்கிட்ட தோத்ததும் இதே 13-10தானே!" என்று மதுரை அண்ணன் சொன்னதுதான் தாமதம், பழைய சண்டையும் புதுச் சண்டையும் ஒன்றாகக் கிளம்பிவிட்டது. "உங்க நோட்டை எடுத்துட்டு வாங்க" என்றார்கள். அந்த நோட்டைப் பற்றித்தான் எழுதுகிறேன்.

நான் கும்பகோணம் பக்கம். கொலம்பஸ் வந்த புதிதில் ஃபுட்பால் என்றால் காலால் உதைப்பது என்று நினைத்தவள். மகள் ஓஹியோ ஸ்டேட்டில் சேர்ந்த பிறகு பார்க்க ஆரம்பித்து, இப்போது வீட்டுக்காரரைவிட எனக்குத்தான் பைத்தியம் அதிகம். ஆபீஸில் பில்லிங் கணக்கு பார்ப்பது என் வேலை. மாதக் கடைசியில் கணக்கு இடித்தால் யார் மேல் தப்பு என்று முதலில் கேட்க மாட்டோம். எந்த வரியில் இடிக்கிறது என்றுதான் தேடுவோம். ஆட்டத்துக்கும் அதையே செய்கிறேன்.

உதாரணத்துக்கு 2024 நவம்பர் 30 மிஷிகன் ஆட்டத்தையே எடுத்துக்கொள்கிறேன். புண் ஆறிவிட்டது. போன சனிக்கிழமை புண் இன்னும் ஆறவில்லை.

முதல் விதி: அன்றைக்கு வாதாடாதீர்கள். அன்று மதிய ஆட்டம், நல்ல குளிர். மகள் மாணவர் பகுதியில் நின்றுகொண்டிருந்தாள். சுமார் 20 புள்ளி வித்தியாசத்தில் ஜெயிக்கும் என்று எல்லோரும் சொன்ன டீம் நம்முடையது. 6 வெற்றி 5 தோல்வி என்று வந்திருந்த மிஷிகன் 45 வினாடி மிச்சமிருக்கும்போது ஃபீல்ட் கோல் (கம்பங்களுக்கு நடுவே பந்தை உதைப்பது, 3 புள்ளி) அடித்து ஜெயித்தது. அப்புறம் மைதான நடுவில் கொடி நட வந்தார்கள், கைகலப்பு, போலீஸ் மிளகு ஸ்பிரே. மகள் பத்திரமாக வெளியே வந்துவிட்டாளா என்று நான் போன் போட்டுக்கொண்டிருக்க, இங்கே சோஃபாவில் "பயிற்சியாளரை வீட்டுக்கு அனுப்பு" என்று கூச்சல். அந்த நேரத்தில் யார் சொன்னதும் கணக்கில் சேராது. ரசம் சாதம் போட்டு அனுப்பிவிட வேண்டும்.

ஞாயிறு காலை காப்பியோடு உட்காருங்கள். ஆட்டத்தின் 'பிளே-பை-பிளே' (ஒவ்வொரு நகர்த்தலும் வரிசையாக) விவரம் இணையத்தில் இலவசமாகக் கிடைக்கும். நோட்டில் ஒரு பக்கத்தை நீளவாக்கில் நாலாகப் பிரியுங்கள். ஒவ்வொரு முறை நம் டீமுக்குப் பந்து வரும்போதும் ஒரு வரி: எங்கே தொடங்கினார்கள், முதல் டவுனில் என்ன செய்தார்கள், எத்தனை பிளே, எப்படி முடிந்தது. அவ்வளவுதான். அரை மணி நேர வேலை. இதைச் செய்யாமல் பேச வருகிறவர்களுக்கு எங்கள் வீட்டில் போண்டா உண்டு, பேச்சுரிமை கிடையாது.

(புதிதாகப் பார்க்கிறவர்களுக்கு: நாலு வாய்ப்பில் 10 யார்டு நகர வேண்டும், நகர்ந்தால் மறுபடி நாலு வாய்ப்பு. அந்த ஒவ்வொரு வாய்ப்புதான் டவுன், அதில் ஆடுகிற நகர்த்தல்தான் பிளே. ஒரு பிளே சரியாகப் போனதா என்று பார்க்க ஒரு நாட்டுக்கணக்கு உண்டு: முதல் டவுனில் தேவையானதில் பாதி, இரண்டாவதில் மிச்சத்தில் 70 சதவீதம், மூன்றாவது நாலாவதில் முழுசும். அதை எட்டினால் ஒரு டிக், எட்டாவிட்டால் ஒரு சுழி.)

அடுத்து, ஸ்கோரைத் தோலுரிக்க வேண்டும். ஸ்கோர் வேறு, அஃபென்ஸ் (பந்தை முன்னே கொண்டுபோகிற பிரிவு) வேறு. மிஷிகனின் 13இல் 7 புள்ளி எப்படி வந்தது? நம் குவார்ட்டர்பேக் (பந்தை எறிகிறவர்) வில் ஹவர்ட் போட்ட பாஸை அவர்கள் பிடித்து நம் கோல் கோட்டுக்கு 2 யார்டு தூரம் வரை ஓடி வந்துவிட்டார்கள். அங்கிருந்து நுழைவது பெரிய காரியமா? ஆக அந்த 7 நம் அஃபென்ஸ் எழுதிக் கொடுத்த செக். மிஷிகன் மொத்தமாகவே 234 யார்டுதான் எடுத்தது. டிஃபென்ஸை (தடுக்கிற பிரிவை) திட்டுகிறவர்களை இந்த ஒரு வரியிலேயே உட்கார வைத்துவிடலாம்.

நம் 10இல் ஒரு டச்டவுன் (பந்தோடு எதிரியின் கோல் கோட்டைத் தாண்டுவது; கூட உதைக்கிற ஒரு புள்ளியோடு 7), ஒரு ஃபீல்ட் கோல். பாதி ஆட்டத்தில் 10-10, அதற்குப் பிறகு நமக்கு ஒரு புள்ளிகூட இல்லை. நடுவே 34, 38 யார்டில் இரண்டு ஃபீல்ட் கோல் தவறியது. "அது ரெண்டும் போயிருந்தா 16-13, ஜெயிச்சிருப்போம்" என்று என் வீட்டுக்காரர் இன்றைக்கும் சொல்கிறார். அப்படிக் கூட்டக்கூடாது. முதல் உதை போயிருந்தால் அதற்குப் பிறகு இரண்டு பக்கமும் வேறு மாதிரி ஆடியிருப்பார்கள். தவறிய உதையைக் கிக்கர் பக்கத்தில் எழுதுங்கள், ஆனால் அதே வரியில் இன்னொன்றும் எழுதுங்கள்: 34 யார்டு தூரத்தில் வந்து நின்ற அஃபென்ஸ் ஏன் டச்டவுன் போகவில்லை?

இனி பெரிய சண்டை. "நடுவுலயே ஓடி ஓடி தோத்தோம், பாஸ் போட்டிருக்கணும்." அந்த வாரம் கொலம்பஸில் டீக்கடை இருந்திருந்தால் அங்கேயும் இதைத்தான் பேசியிருப்பார்கள். இதைச் சொன்னால் எல்லோரும் தலையாட்டுவார்கள், அதனால்தான் இதை முதலில் சோதிக்க வேண்டும். ஓட்டம் 26, 77 யார்டு. ஒரு ஓட்டத்துக்கு 3 யார்டுகூட இல்லை. பாஸ் 33, 175 யார்டு, ஒன்றுக்கு 5 யார்டும் சில்லறையும், கூடவே இரண்டு பாஸ் எதிரி கையில். அதாவது ஓடியதைவிட அதிகமாகத்தான் பாஸ் போட்டிருக்கிறார்கள், அதுவும் பலிக்கவில்லை! மதுரை அண்ணனுக்கு இந்தக் கணக்கைக் காட்டியபோது முகத்தைப் பார்க்கணுமே.

ஆனால் அவர் சொன்னதில் உண்மையே இல்லையா என்றால், இருக்கிறது. எண்ணிக்கையில் இல்லை, நேரத்தில் இருக்கிறது. நோட்டில் இரண்டாவது கட்டம், முதல் டவுன், அதைப் பாருங்கள். நடுவில் முட்டி ஓர் யார்டு, இரண்டு யார்டு. அதற்கப்புறம் நீளமான மூன்றாவது டவுன். பாஸ்தான் வரும் என்று எதிரிக்கும் தெரியும், எனக்கும் தெரியும், போண்டா தின்கிற குழந்தைக்கும் தெரியும். அப்படிப்பட்ட நேரத்தில் போட்ட பாஸ்களைக் கூட்டி "பாஸும் வேலை செய்யவில்லை" என்று சொல்வதும் பாதி உண்மைதான். எனவே "அதிகம் ஓடினார்கள்" என்று சொல்லாதீர்கள். "ஓடக்கூடாத நேரத்தில், ஓடக்கூடாத இடத்தில் ஓடினார்கள்" என்று சொல்லுங்கள். இதற்கு யாரும் பதில் சொல்லிவிட முடியாது.

இன்னொரு பொடி விஷயம், சண்டையில் ரொம்ப உதவும். காலேஜ் ஆட்டத்தில் குவார்ட்டர்பேக்கைப் பாஸ் போடுமுன் சாய்த்துவிட்டால், இழந்த யார்டு ஓட்டக் கணக்கில் கழியும். தொழில்முறை லீகான என்.எஃப்.எல்.லில் பாஸ் கணக்கில் கழியும். இது தெரியாமல் "ஓட்டம் மகா மோசம்" என்று சொல்கிறவர்கள் நிறைய. இப்படிச் சாய்ப்பதை (ஸாக்) தனியாக எடுத்து வைத்துவிட்டு மறுபடி வகுத்துப் பாருங்கள்.

ஏன் நடுவில் முட்டினால் போகவில்லை என்பதற்குப் பந்தைப் பார்த்தால் விடை கிடைக்காது. மறு ஒளிபரப்பில் ஒரு பத்து பிளேயாவது பந்தை விட்டுவிட்டு, முன்னால் முட்டி நிற்கிற லைனை மட்டும் பாருங்கள். எனக்கு இதைச் சொல்லிக் கொடுத்தது பக்கத்து வீட்டுப் பெரியவர், ஓஹியோவிலேயே பிறந்து வளர்ந்தவர். மிஷிகன் என்ற பெயரை வாயால் சொல்ல மாட்டார், 'வடக்கே இருக்கிற அந்த டீம்' என்பார். அன்று அவர் காட்டியது இரண்டே பேரை: மிஷிகன் டிஃபென்ஸின் நடுவே நின்ற மேசன் கிரஹாம், கென்னத் கிராண்ட். என்.எஃப்.எல். டீம்கள் காலேஜ் வீரர்களை வரிசையாகப் பொறுக்கி எடுக்கும் 2025 டிராஃப்டில் ஒருவர் 5ஆவதாகவும் இன்னொருவர் 13ஆவதாகவும் எடுக்கப்பட்டார்கள். அவர்களுக்கு எதிரே நம் பக்கம் யார்? லைனின் இடது ஓரத்தில் நிற்கிற டாக்கிள் ஜாஷ் சிம்மன்ஸ் அக்டோபரில் ஆரிகன் ஆட்டத்தில் முழங்கால் போய் உட்கார்ந்துவிட்டார். லைனின் நடுவில் நிற்கிற சென்டர் செத் மெக்லாக்லினுக்கு நவம்பரில் குதிகால் தசைநாண் அறுந்தது. இந்த இரண்டு இடத்துக்கும் இடையே கார்டாக இருந்தவரை டாக்கிளுக்குத் தள்ளி, இன்னொருவரைச் சென்டருக்குக் கொண்டுவந்து, ஒட்டுப்போட்ட லைன். அந்த லைனை வைத்துக்கொண்டு அந்த இரண்டு மலைகளுக்கு நடுவே மறுபடி மறுபடி பந்தை அனுப்பினார்கள். வெளியே, பாஸ் பிடிக்கிற ஜெரமாயா ஸ்மித்தும் எமேக்கா எக்பூக்காவும் கையை விரித்துக்கொண்டு நின்றார்கள்.

ஆகவே என் நோட்டில் அந்த ஆட்டத்துக்கான வரி இது: ஆள் பலவீனம் ஒரு பங்கு, அதைத் தெரிந்தும் மாற்றாத திட்டம் இரண்டு பங்கு, குவார்ட்டர்பேக் ஒரு பங்கு. உங்கள் கணக்கு வேறாக இருக்கலாம். பங்கு போடாமல் ஒரே ஆள் தலையில் முழுசையும் கட்டுவதைத்தான் நான் ஒப்புக்கொள்ள மாட்டேன். ஆட்ட நடுவரையும் காற்றையும் இழுக்கிறவர்களிடம் "ஆடத் தெரியாதவள் கூடம் கோணல் என்றாளாம்" என்று சொல்லிவிட்டு நகர்ந்துவிடுவேன்.

மனசுக்குள் புகுந்து பார்க்கிற வாதம் ஒன்று உண்டு, ஜாக்கிரதை. "ரயன் டேக்கு மிஷிகன்னா பயம், நாங்களும் முரடர்கள்தான்னு காட்டத்தான் நடுவுல ஓடுறார்." (டே நம் தலைமைப் பயிற்சியாளர்.) இது எங்கிருந்து வந்தது தெரியுமா? 2021இல் மிஷிகனின் ஊரான ஆன் ஆர்பரில் மிஷிகன் 297 யார்டு ஓடி 42-27 என்று நம்மை மிதித்தது. அன்றிலிருந்து 'மென்மையான டீம்' என்ற பேச்சு. 2022, 2023, 2024 என்று தொடர்ந்து மொத்தம் நாலு தோல்வி. கதை பொருத்தமாகத்தான் இருக்கிறது, எனக்கும் அப்படித் தோன்றாமல் இல்லை. ஆனால் ஒருவர் மனசில் இருந்ததை நோட்டில் எந்தக் கட்டத்தில் எழுதுவது? பிளே தேர்வைப் பற்றி மட்டும் பேசுங்கள், போதும்.

பையன்களின் பெயரைச் சொல்லித் திட்டுவதற்கு எங்கள் வீட்டில் தடை. என் மகள் வயசுப் பிள்ளைகள். அன்று இரண்டு உதை தவறவிட்ட கிக்கர் ஜேடன் ஃபீல்டிங்கை ஒருவர் அசிங்கமாகப் பேசினார், அவருக்கு அன்று டீ கிடைக்கவில்லை. 2025 ஜனவரி 20 அன்று நோட்டர்டேமுக்கு எதிரான தேசியச் சாம்பியன்ஷிப் இறுதி ஆட்டத்தில் 26 வினாடி மிச்சமிருக்கும்போது 33 யார்டு உதைத்து 34-23 என்று முடித்து வைத்தது அதே பையன்தான். போன சனிக்கிழமை 27 யார்டைத் தவறவிட்டதும் அதே பையன்தான். தடை நீடிக்கிறது.

கடைசி வேலை, ரொம்பப் பேர் செய்யாத வேலை: பக்கத்தின் அடியில் அடுத்த ஆட்டத்துக்கு உங்கள் கணிப்பை எழுதித் தேதி போடுங்கள். எது நடந்தால் நீங்கள் சொன்னது தப்பு என்பதையும் எழுதுங்கள். 2024 டிசம்பர் 1 தேதியிட்ட என் வரி (பிளேஆஃப் என்பது தேசியச் சாம்பியனைத் தீர்மானிக்கிற கடைசிச் சுற்றுகள்) இப்படி இருக்கிறது: "இந்த லைன் தாங்காது. பிளேஆஃபில் முதல் ஆட்டத்திலேயே வெளியே. அதில் 30 புள்ளி எடுத்தால் நான் சொன்னது தப்பு."

முதல் ஆட்டத்தில் டென்னஸியை 42-17 என்று ஜெயித்தார்கள். அடுத்து ரோஸ் பௌல் ஆட்டத்தில் ஆரிகனை 41-21, அதில் பாதி ஆட்டம் முடிவதற்குள் 34-0. பிறகு டெக்சஸை 28-14. அதே ஒட்டுப்போட்ட லைன், அதே குவார்ட்டர்பேக், எந்தப் பிளே என்று சொன்னதும் அதே அஃபென்ஸ் பயிற்சியாளர் சிப் கெல்லி. மாறியது என்ன என்று நோட்டைப் புரட்டினால் முதல் டவுன் கட்டம்தான் மாறியிருந்தது. எதிரி எதிர்பார்க்காத நேரத்தில் பாஸ், ஸ்மித்துக்கு ஆரம்பத்திலேயே பந்து. லைனைப் பற்றி நான் சொன்னது பொய்த்தது, திட்டத்தைப் பற்றிச் சொன்னது நின்றது. அந்த வரியைச் சிவப்பு மையில் அடித்து, பக்கத்தில் என் கையெழுத்து. மதுரை அண்ணன் அதைப் போட்டோ எடுத்து வைத்திருக்கிறார், தீபாவளிக்கும் எடுத்துக் காட்டினார்.

இண்டியானா ஆட்டத்துக்கான பக்கத்தை ஞாயிறு முழுதும் உட்கார்ந்து நிரப்பிவிட்டேன். டிசம்பர் 31ஆம் தேதி காட்டன் பௌல், பிளேஆஃபில் நம் அடுத்த ஆட்டம். அடியில் கணிப்பும் எழுதியாகிவிட்டது. வருகிறவர்கள் அவரவர் நோட்டோடு வாருங்கள். தேங்காய்ச் சட்னி நான் அரைத்துக்கொள்கிறேன், யாராவது கூடுதலாக நாலு மடக்கு நாற்காலி கொண்டு வரவும்.