மன்றோ துருத்துக்குப் போவது எப்படி: செங்கோட்டை வேன் டிரைவர் சொல்வது

"அண்ணாச்சி, அங்க என்ன பாயிண்ட் இருக்கு?" வண்டி பேச வருகிறவர்கள் முதலில் இதைத்தான் கேட்பார்கள். பாயிண்ட் என்று ஒன்றும் இல்லை. அருவி இல்லை, அணை இல்லை, பார்க் இல்லை. மன்றோ துருத்து என்பது கேரளாவில் கொல்லம் பக்கம் இருக்கிற தீவு. கல்லடையாறு அஷ்டமுடிக் காயலில் (கடலோடு சேர்ந்த உப்பங்கழி) விழுகிற இடத்தில் எட்டுத் திட்டுகள், நடுவே வாய்க்கால்கள், கரையில் வீடுகள். அதை எந்த நேரத்தில், எந்தப் படகில் பார்க்கிறீர்கள் என்பதில்தான் விஷயமே இருக்கிறது.

பெயர் கர்னல் ஜான் மன்றோவால் வந்தது. திருவிதாங்கூரில் ரெசிடெண்டாகவும், அதாவது பிரிட்டிஷ் பிரதிநிதியாகவும், திவானாகவும் இருந்தவர். சென்னைத் தீவுத்திடல் பக்கம் குதிரைமேல் இருக்கிறாரே, அந்த மன்றோ வேறு.

குற்றாலம் சீசனோடு சேர்த்துப் போட்டுவிடலாம் என்று பலர் கணக்குப் போடுகிறார்கள். வேண்டாம். நமக்குச் சாரலாக விழுவது மலைக்கு அந்தப் பக்கம் கொட்டோ கொட்டென்று கொட்டும். கார்த்திகை பிறந்தால் மழை குறையும்; ஆனால் ஆரியங்காவு ரோடு முழுக்க ஐயப்பசாமி வண்டிகள். மகரவிளக்கு முடிந்து மாசி முடிகிற வரைக்கும்தான் நல்ல காலம். அதற்கப்புறம் வெயில் மண்டையைப் பிளக்கும்.

செங்கோட்டையிலிருந்து ராத்திரி இரண்டு, இரண்டரைக்கெல்லாம் கிளம்பிவிட வேண்டும். சூரியன் வரும்போது வள்ளத்தில், அதாவது படகில், இருக்க வேண்டும், அதற்காகத்தான். புளியரை தாண்டினால் லாரி வரிசை நிற்கும். ஓவர்டேக் பண்ணச் சொல்லி டிரைவரை நச்சரிக்காதீர்கள். கோட்டைவாசல் கருப்பசாமிக்குச் சூடம் காட்டாமல் நான் வளைவு இறங்குவதில்லை, அந்த ஐந்து நிமிஷத்தைப் பொறுத்துக்கொள்ளுங்கள். புனலூர், கொட்டாரக்கரை தாண்டிக் குண்டராவில் வலது பக்கம் திரும்பிச் சிற்றுமலை வழியாகப் போனால் போதும், கொல்லம் டவுனுக்குள் நுழையவே வேண்டாம். வெளி வண்டி பேசினால் கேரள பெர்மிட் யார் செலவு என்று முன்னாலேயே கேட்டுவிடுங்கள்.

ரயில் பிரியர்கள் கொல்லத்தில் இறங்கி, மன்றோதுருத்து ஸ்டேஷனில் நிற்கிற பாசஞ்சரோ மெமுவோ பிடிக்கலாம். வழியில் பெருமண் பாலம் வரும். 1988 ஜூலை 8ஆம் தேதி ஐலண்ட் எக்ஸ்பிரஸ் காயலுக்குள் விழுந்து 105 பேர் இறந்தது அங்கேதான். அந்தக் காலத்து ஆட்கள் வண்டியில் இருந்தால் அந்த இடத்தைக் கட்டாயம் கேட்பார்கள்.

சரி, வள்ளத்துக்கு வருவோம். மோட்டார் போட்டில் ஏறாதீர்கள். பெரிய காயலில் ஒரு சுற்றுச் சுற்றிக் கொண்டுவந்து விட்டுவிடுவான். வாய்க்காலுக்குள் அது நுழையாது. கழுக்கோல் ஊன்றித் தள்ளுகிற நாட்டு வள்ளம்தான் வேண்டும். முந்தின நாளே போனில் பேசி, ரேட் வள்ளத்துக்கா ஆளுக்கா என்பதைத் தெளிவாகக் கேளுங்கள். தகராறு வருவதெல்லாம் அதில்தான். குழந்தைகளுக்கு லைஃப் ஜாக்கெட் இருக்கிறதா என்பதையும் கேளுங்கள். இருட்டோடு காயல் பக்கம் போய் விடியலைப் பார்த்துவிட்டு அப்புறம் வாய்க்காலுக்குள் வருவதுதான் சரியான வரிசை. கடல் நீர் ஏறியிருந்தால் சில குட்டிப் பாலங்களுக்கு அடியில் வள்ளம் போவதே கஷ்டம். "தல தாழ்த்திக்கோ" என்று வள்ளக்காரச் சேட்டன் குரல் கொடுத்ததும் யோசிக்காமல் மடியோடு குனிந்துவிட வேண்டும். குடை வேண்டாம், தொப்பி போதும்.

வாய்க்காலுக்குள் வந்ததும் போனைப் பைக்குள் போட்டுவிட்டுக் கரையைப் பாருங்கள். கண்டல் மரங்கள் இரண்டு பக்கமும் வளைந்து தலைக்குமேல் கூடுகிற இடத்தில் எல்லோரும் போட்டோ எடுப்பார்கள், எடுத்துக்கொள்ளுங்கள். எனக்குப் பிடித்தது மட்டை ஊறப்போட்ட இடம். தேங்காய் மட்டையை வாய்க்கால் ஓரத்தில் மாதக்கணக்கில் அமுக்கி வைத்திருப்பார்கள். தண்ணீர் கறுத்துக் குமிழி விடும், அழுகின முட்டை நாற்றம் அடிக்கும். மூக்கைப் பொத்தாமல் தாண்டினால், அந்த நார் கயிறாகிற ராட்டை யாராவது ஒரு வீட்டு முற்றத்தில் பார்க்கலாம். கேட்டால் உங்கள் கையிலும் நாரைக் கொடுத்துத் திரிக்கச் சொல்வார்கள்.

வீட்டுச் சுவர்களையும் பாருங்கள். கீழ்ப்பாகத்தில் உப்புப் பூத்து, காரை உதிர்ந்து செங்கல் தெரியும். தண்ணீர் ஏறும் நாட்களில் திண்ணை வரைக்கும் வந்துவிடும். மண்டை காய்ந்த தென்னைகளும் அந்த உப்பால்தான். ஆறு கொண்டுவந்து போட்ட வண்டலில் உருவான மண் இது. இப்போது வண்டல் தென்மலை அணையிலேயே தங்கிவிடுகிறது; இங்கே மண் அமுங்குகிறது, புது மண் வருவதில்லை. நீங்கள் வரும் வழியில் இருட்டில் தாண்டி வந்தது அந்த அணையைத்தான். வெளுத்த சுவர்முன் நின்று செல்ஃபி எடுப்பதை மட்டும் தவிர்த்துவிடுங்கள், உள்ளே ஆள் குடியிருக்கிறார்கள்.

ஒன்பது மணிக்கெல்லாம் வெயில் ஏறிவிடும், கரையேறிச் சாப்பிடலாம். வீட்டுச் சாப்பாடு வேண்டுமென்றால் வள்ளக்காரரிடமே முந்தின நாள் சொல்லிவைக்க வேண்டும். கரிமீன் பொரித்தது எல்லோரும் கேட்பது. முள் அதிகம், சின்னப் பிள்ளைகளுக்குச் சரிவராது. நான் கக்கா இறைச்சி சொல்வேன். நம்மூர் மட்டிதான், தேங்காய்க் கொத்துப் போட்டு வறுத்துக் கப்பக் கிழங்கோடு (மரவள்ளி) கொடுப்பார்கள். அஷ்டமுடிக் கக்காவுக்கு வெளிநாட்டு வாடிக்கை உண்டு. முறையாகப் பிடிக்கிறார்கள் என்று 2014இல் சர்வதேசச் சான்றிதழும் வாங்கியிருக்கிறது.

திரும்பும்போது புனலூரில் கல்லடையாற்றின்மேல் இருக்கிற தொங்குபாலத்தில் இறங்கி நடங்கள். 1877இல் முடித்த பாலம், கால்மணி நேரம் போதும். தென்மலை அணைக்கும் நேரம் இருந்தால் ஏறலாம். நாலு மணிக்குள் ஆரியங்காவைத் தாண்டிவிட்டால் லாரிக் கூட்டத்தில் மாட்டாமல் விளக்கு வைக்கும் முன் செங்கோட்டை வந்துவிடலாம்.