மெல்லிய குருதிப் படலம் தயாரிக்கும் முறை: ஆய்வுகூடத்துக்குப் புதிதாக வரும் மாணவர்களுக்கு

யாழ்ப்பாணப் பல்கலைக்கழகத்தில் மருத்துவ ஆய்வுகூட விஞ்ஞானம் பயிலத் தொடங்குவோர் தொடக்கத்திலேயே கைவரப்பெற வேண்டிய திறன்களுள் குருதிப் படலம் இழுத்தல், அதாவது ஒரு துளிக் குருதியைக் கண்ணாடி வழுக்கியில் மெல்லிய படையாகப் பரப்புதல், முக்கியமானது. குழியங்களை எண்ணும் இயந்திரங்கள் வந்துவிட்ட போதிலும், அவை தரும் முடிவில் ஐயம் எழும்போது நாம் திரும்பிச் செல்வது கண்ணாடி வழுக்கியிடமே. மழைக்காலத்தில் டெங்குக் காய்ச்சல் பெருகும்போது இதன் தேவையை நீங்கள் நேரில் உணர்வீர்கள்.

முதலில் கையுறை அணிந்து, ஈ.டி.டி.ஏ. (குருதி உறையாமல் தடுக்கும் பொருள்) குழாயிலுள்ள குருதியைக் குலுக்காமல் மெல்லத் தலைகீழாகப் பலமுறை திருப்பிக் கலக்குங்கள். குருதி எடுத்து இரண்டு மணித்தியாலத்துக்குள் படலத்தை இழுத்துவிடுவது நல்லது. நேரம் செல்லச் செல்லக் குழியங்களின் வடிவம் மாறிவிடும்.

அடுத்து, வழுக்கியின் ஒரு முனையிலிருந்து ஏறத்தாழ 1 சென்ரிமீற்றர் தள்ளி, 2 முதல் 3 மில்லிமீற்றர் விட்டமுள்ள சிறு துளியை வையுங்கள். விளிம்பு மழமழப்பான மற்றொரு வழுக்கியை 30 பாகை அளவில் சாய்த்துப் பிடித்து, துளியைத் தொடும்வரை பின்னோக்கி நகர்த்தி, குருதி விளிம்பு நெடுகப் பரவியதும் தயங்காமல் ஒரே வேகத்தில் முன்னோக்கித் தள்ளுங்கள். தயங்கினால் படலத்தில் வரிகள் விழும். குருதிச்சோகை உள்ளவரின் குருதி நீர்த்திருப்பதால் சாய்வைச் சற்றுக் கூட்டவும், செங்குழியங்கள் மிகுந்த குருதிக்குச் சாய்வைக் குறைக்கவும் வேண்டும். இந்தக் கணிப்பு பயிற்சியால் மட்டுமே வரும் என்பதால், தயக்கமின்றிப் பல வழுக்கிகளைச் செலவிடுங்கள்.

படலத்தை உடனே காற்றில் உலர்த்தி, நோயாளியின் இலக்கத்தைப் பென்சிலால் எழுதுங்கள். மையினால் எழுதினால் சாயத்திலுள்ள மெதனோல் அதைக் கரைத்துவிடும். ஐப்பசி, கார்த்திகை மாதங்களின் ஈரக்காற்றில் உலர்தல் தாமதமாகும். மெதனோலும் அந்த ஈரத்தை உறிஞ்சிக்கொள்ளும். அவ்வாறு நீர் கலந்தால் செங்குழியங்களுள் ஒளிரும் பொய்யான வளையங்கள் தோன்றும். ஆகவே போத்தலை இறுக மூடி வையுங்கள்.

சாயமிடுவதற்கு லீஷ்மன் சாயத்தை ஊற்றி இரண்டு நிமிடம் விடுங்கள். அதிலுள்ள மெதனோலே குழியங்களைப் பதித்துவிடும். பின்னர் பி.எச். 6.8 உடைய தாங்கற் கரைசலை (அமில கார அளவை மாறாமல் வைத்திருக்கும் கரைசல்) இரு மடங்கு சேர்த்துக் கலந்து, எட்டு முதல் பத்து நிமிடங்களின் பின் அதே கரைசலால் கழுவுங்கள். நமது சுண்ணக்கல் நிலத்தின் கிணற்றுநீரை இதற்குப் பயன்படுத்தவே கூடாது. நீரில் காரத்தன்மை மிகுந்தால் படலம் முழுதும் நீலம் பாரித்து, வெண்குழிய வகைகளைப் பிரித்தறிவது கடினமாகும்.

இறுதியாக, குறைந்த உருப்பெருக்கத்தில் படலத்தின் வால்முனையைத் தவறாது பாருங்கள். அதன்பின் செங்குழியங்கள் ஒன்றன்மேல் ஒன்று ஏறாமல் அருகருகே கிடக்கும் பகுதிக்கு வந்து, எண்ணெய் இட்டு 100 மடங்குப் பொருள்வில்லையால் ஆராயுங்கள். குருதிச் சிறுதட்டுகள் வால்முனையில் திரள்களாகக் கிடந்தால், இயந்திரம் காட்டிய குறைந்த எண்ணிக்கை உண்மையானதன்று. டெங்கு நோயாளி எனின் அந்த எண்ணை நம்பியே மருத்துவர் முடிவெடுப்பார். எனவே அதை அனுப்பாமல் மேற்பார்வையாளரிடம் தெரிவித்து, ஈ.டி.டி.ஏ.யினாலேயே இத்திரள்கள் உண்டாகியிருக்கக்கூடும் என்பதால், சோடியம் சித்திரேற்று என்னும் வேறோர் உறைதடுப்பியுள்ள குழாயில் புதிய மாதிரி பெற்று எண்ணுங்கள். அக்குழாயிலுள்ள திரவம் குருதியை நீர்க்கச் செய்வதால், கிடைக்கும் எண்ணிக்கையை 1.1 ஆல் பெருக்கியே அறிக்கையில் எழுத வேண்டும்.