பாஹின் ஒரு ஃபியூகைக் கேட்கப் பழகுவது எப்படி?

ஜெர்மானிய இசையமைப்பாளர் யோஹான் செபாஸ்டியன் பாஹை அறிய விரும்புவோர் பலர் அவருடைய பெரிய தேவாலயப் படைப்புகளில் தொடங்கிப் பாதியில் களைத்துவிடுகின்றனர். அவர் 1722இல் ஜெர்மனியின் கோத்தன் நகரில் தொகுத்த ‘வெல்-டெம்பர்டு கிளேவியர்’ என்ற விசைப்பலகை இசைத் தொகுப்பின் முதல் பாகத்திலுள்ள சி மைனர் ஃபியூகை முதலில் கேட்குமாறு பரிந்துரைக்கிறேன். ஒரே மெட்டைப் பல குரல்கள் ஒன்றன்பின் ஒன்றாக எடுத்துச் சொல்லும் இசைவடிவமே ஃபியூக்; சி மைனர் என்பது சற்றே சோகச் சாயலுள்ள ஒரு சுர அமைப்பு. ஏறத்தாழ ஒன்றரை நிமிடத்தில் அது முடிந்துவிடும். கற்க விரும்பும் இளையோரின் பயனுக்காக என்று முகப்பு ஏட்டிலேயே பாஹ் எழுதிவைத்த நூல் அது. எனவே தொடக்க நிலையினர் தயங்க வேண்டியதில்லை.

படி 1: ‘பி.டபிள்யூ.வி. 847’ (பாஹின் படைப்புப் பட்டியலில் இதன் எண்) என்று தேடி, பியானோவில் வாசிக்கப்பட்ட பதிவொன்றை எடுத்துக்கொள்ளுங்கள். முதலில் வருவது முன்னிசை; அதை அடுத்து வருவதே ஃபியூக்.

படி 2: ஃபியூகின் தொடக்கத்தில் ஒரு சிறு மெட்டு துணையின்றித் தனியாக ஒலிக்கும். கருப்பொருள் எனப்படும் அது இரண்டு தாள அளவுகளே நீளமுடையது. உங்களால் முணுமுணுக்க முடியும்வரை அந்த இடத்தையே திரும்பத் திரும்பக் கேளுங்கள். இந்தப் படியை அவசரமாகக் கடந்தால் அடுத்தவை எவையும் பயன் தரா.

படி 3: இதில் மூன்று குரல்கள் உள்ளன; பாடகர்கள் அல்ல, ஒரே பியானோவில் தனித்தனியே நகரும் மெட்டிழைகள். கருப்பொருளை முதலில் நடுக்குரல் சொல்ல, அடுத்து மேற்குரல் ஐந்தாம் சுரத்திலிருந்து அதையே எடுத்துச் சொல்கிறது. சற்று இடைவெளிவிட்டுக் கீழ்க்குரல் நுழைகிறது. ஒரே பாட்டுவரியைப் பின்தொடர்ந்து பழகிய காது, புதிதாக நுழைந்த குரலைப் பாட்டாகவும் மற்றவற்றைப் பக்கவாத்தியமாகவும் கருதிவிடும். உண்மையில், சொல்லி முடித்த குரலும் தனக்கென ஒரு மெட்டுடன் தொடர்ந்து பாடிக்கொண்டேயிருக்கிறது. மூன்றும் சமமானவை என்பதே ஃபியூகின் அழகு.

படி 4: இனி எண்ணத் தொடங்குங்கள். கருப்பொருள் மொத்தம் எட்டு முறை முழுமையாக வருகிறது. நான்காம் முறை மேற்குரலில் இ ஃபிளாட் மேஜர் என்ற தெளிந்த சாயலுள்ள சுர அமைப்புக்கு மாறி வரும்போது, மூடிய அறையில் சாளரம் திறந்ததுபோன்ற வெளிச்சம் தோன்றும். இடைப்பட்ட பகுதிகளில் கருப்பொருளின் தொடக்கத் துணுக்குகள் குரலுக்குக் குரல் தாவுவதால், முதல் நாளில் எண்ணிக்கை தவறுவது இயல்பே. ஏழாம் முறை அது ஆழ்ந்த கீழ்க்குரலில் வரும்; பின் இசை ஒருகணம் நின்று, நீண்டொலிக்கும் கீழ்ச்சுரத்தின்மேல் கடைசி முறையாக மேற்குரல் அதைச் சொல்ல, மைனரில் நடந்த இசை மேஜரில் முடிகிறது.

படி 5: இசை பழகியபின் வாழ்க்கையைப் படியுங்கள். 1685இல் ஐசனாக்கில் பிறந்த பாஹ், பத்து வயதிலேயே பெற்றோர் இருவரையும் இழந்து, ஓர்ட்ரூஃபில் இருந்த அண்ணனிடம் வளர்ந்தார். அண்ணன் தர மறுத்த இசைச்சுவடியொன்றை, ஆறு மாதங்கள் நிலவொளியில் இரகசியமாகப் படியெடுத்தார் என்கிறது அவரது இரங்கற் குறிப்பு. 1720இல், தாம் பணியாற்றிய கோத்தன் இளவரசருடன் கார்ல்ஸ்பாத் சென்று திரும்பியபோது, மனைவி மரியா பார்பரா இறந்து அடக்கமும் முடிந்திருந்தது. 1723 முதல் 1750இல் இறக்கும்வரை லைப்சிக்கில் பணியாற்றினார்.

நிலவொளிக் கதையை நான் அழுத்திச் சொல்லக் காரணம் உண்டு: இந்தத் தொகுப்பும் அவர் காலத்தில் அச்சாகவில்லை. மாணவர்கள் கையால் எழுதிய படிகளே அதைப் பரப்பின. 1801இல் அச்சு வருவதற்கு முன்பே, பான் நகரில் சிறுவன் பேத்தோவன் இத்தொகுப்பின் பெரும்பகுதியை வாசிப்பதாக 1783இல் ஓர் இதழ் எழுதியது.

படி 6: பாஹின் கையெழுத்துப் பிரதி பெர்லின் அரசு நூலகத்தில் உள்ளது, அதன் படங்களை இணையத்தில் காணலாம். இசைக்குறியீடு தெரியாவிட்டாலும் சி மைனர் ஃபியூகின் பக்கத்தைத் திறந்துவைத்து, பதிவை ஓடவிட்டு, எட்டு நுழைவுகளையும் விரலால் தேடிப் பாருங்கள்.