எல்லை வழக்கில் பழைய வரைபடத்தைப் படிப்பது எப்படி

மூட் கோர்ட் (மாதிரி நீதிமன்ற வாதம்) போட்டிக்குத் தயாராகும் மாணவர்களிடம் வரைபடத்தைக் கொடுத்தால், எல்லாருடைய விரலும் நேராக எல்லைக்கோட்டுக்குத்தான் போகும். அதனால் கோட்டின் மேல் ஒரு வெள்ளைத்தாளை வைத்து மறைத்துவிட்டுத்தான் நான் பாடத்தைத் தொடங்குவேன். நீங்களும் அப்படியே செய்யுங்கள். முதலில் ஓரங்களைப் படியுங்கள்: யார் வரைந்தது, எந்த ஆண்டு, யார் கேட்டு வரைந்தது, எந்த ஒப்பந்தத்தோடு சேர்ந்தது.

இதில் கடைசிக் கேள்விதான் முக்கியம். வரைபடம் தன்னளவில் யாருக்கும் நிலத்தைக் கொடுத்துவிடாது என்று 1986-இல் புர்க்கினா ஃபாசோ–மாலி வழக்கில் சர்வதேச நீதிமன்றம் தெளிவாகச் சொன்னது. இரு நாடுகளும் ஏற்ற ஆவணத்தின் இணைப்பாக இருந்தால் அதற்குச் சட்டபலம் உண்டு. இல்லையென்றால் அதுவும் மற்ற சாட்சியங்களோடு சேர்த்துப் பார்க்க வேண்டிய ஒரு சாட்சியம்தான்.

இணைப்பாக இல்லையா? சரி, அதற்காகத் தூக்கிப் போட்டுவிடாதீர்கள். அது யார் கைக்குப் போனது, வாங்கியவர் என்ன செய்தார் என்று கடிதக் கட்டுகளைத் துழாவுங்கள். இந்த வேலையின் உயிரே அங்கேதான் இருக்கிறது. பிரியா விகார் என்ற கோயில் யாருக்கு என்று கம்போடியாவும் தாய்லாந்தும் மோதிய வழக்கை வைத்துச் சொல்கிறேன்.

டாங்ரெக் மலையில் மழைநீர் இருபக்கமும் பிரிந்து ஓடும் முகடுதான் எல்லை என்கிறது 1904-ஆம் ஆண்டு பிரெஞ்சு–சயாம் ஒப்பந்தம். சயாம் என்பது தாய்லாந்தின் பழைய பெயர்; கம்போடியா அப்போது பிரெஞ்சு ஆட்சியில் இருந்தது. சயாம் கேட்டுக்கொண்டதால் பிரெஞ்சு அதிகாரிகள் வரைபடங்கள் தயாரித்தார்கள். பாரிஸில் அச்சான அந்த 11 வரைபடங்களில் ஒன்றில், மலை விளிம்பில் நிற்கும் பழைய சிவன் கோயில் கம்போடியா பக்கம் விழுந்திருந்தது. கூட்டு எல்லை ஆணையம் அதை முறைப்படி ஏற்றதே இல்லை. இதோடு நிறுத்தினால் தாய்லாந்தின் கை ஓங்கியதாகவே தோன்றும்.

ஆனால் 1908-இல் வரைபடங்கள் வந்து சேர்ந்ததும், சயாமின் உள்துறை அமைச்சர் இளவரசர் தாம்ரோங் நன்றி சொன்னார். மாகாண ஆளுநர்களுக்குக் கொடுக்க இன்னும் 15 பிரதிகளும் கேட்டார். 1930-இல் அவர் கோயிலுக்குப் போனபோது, பிரெஞ்சுக் கொடி பறக்க, சீருடையில் நின்ற பிரெஞ்சு அதிகாரி வரவேற்றார். சயாம் அதற்கும் எதிர்ப்புத் தெரிவிக்கவில்லை. இப்படி நடந்துகொண்டதால் சயாம் அந்த வரைபடத்தை ஏற்றுக்கொண்டதாகவே நீதிமன்றம் கருதியது. 1962 ஜூன் 15 அன்று, நீதிபதிகளின் வாக்கில் 9-க்கு 3 என்ற கணக்கில் கோயில் கம்போடியாவுக்குப் போனது. அந்த 15 பிரதிகள் பற்றிய வரியை மாணவர்களை உரக்கப் படிக்கச் சொல்வேன். படித்து முடித்ததும் வகுப்பு கொஞ்ச நேரம் அமைதியாகிவிடும்.

அப்புறம், 'இந்த வரைபடம் எல்லைக்கு ஆதாரமல்ல' என்ற அடிக்குறிப்பைக் கண்டு பின்வாங்காதீர்கள். மலேசியாவும் சிங்கப்பூரும் உரிமை கோரிய பெட்ரா பிராங்கா தீவு வழக்கில், அந்தக் குறிப்பைக் காட்டித்தான் மலேசியா வாதாடியது. ஆனால் 1962 முதல் 1975 வரை அது வெளியிட்ட சில வரைபடங்களில் தீவின் பெயருக்குக் கீழே 'சிங்கப்பூர்' என்று இருந்தது. ஒரு நாடு தனக்கே பாதகமாக அச்சிட்டது அதன் எண்ணத்தைக் காட்டுகிறது என்பதால், 2008-இல் நீதிமன்றம் அந்த வரைபடங்களையும் கணக்கில் எடுத்துக்கொண்டது. இப்படி ஒன்று கிடைத்தால் உங்கள் கோப்பில் மேலே வையுங்கள்.

வெள்ளைத்தாளை இப்போது எடுக்கலாம். கோட்டைத் தொடுமுன் அளவையைப் பாருங்கள். பிரியா விகார் வரைபடம் 1:2,00,000 அளவில் வரைந்தது. அதில் ஒரு மில்லிமீட்டர் என்பது தரையில் 200 மீட்டர். அரை மில்லிமீட்டர் பேனாக் கோடே 100 மீட்டர் நிலத்தை மூடிவிடும். உங்கள் வழக்கின் இடம் அந்த மைக்குள் விழுகிறதா என்று ஸ்கேல் வைத்து அளந்து, எண்ணை ஓரத்தில் குறித்துக்கொள்ளுங்கள்.