கித்தாருக்கு நாமளே செய்ற மிடி கால் சுவிட்ச், நாலு பட்டன் போதும்

மலேசியாவுல சுங்கை சிப்புட் பக்கம் தோட்டத்துக் கோயில் திருவிழா, கல்யாண மண்டபம்னு வாசிக்கிற நம்ம பசங்க நெறைய பேரு கித்தார் சவுண்ட மாத்துற ஒத்த ஒத்த பெடல விட்டுட்டு, எல்லா எஃபெக்டும் உள்ளயே இருக்குற லைன் 6 எச்எக்ஸ் ஸ்டாம்ப் மாதிரி ஒரே பெட்டிக்கு மாறிட்டாங்க, ஆனா அதுல கால் சுவிட்ச் மூணுதான், பாட்டுக்கு நடுவுல சவுண்ட் மாத்தணும்னா பத்தவே பத்தாது. சோல்டர் புடிக்கத் தெரிஞ்சா மீதிய நாமளே செஞ்சிக்கலாம்பா, பயப்பட ஒன்னுமில்ல.

மிடிங்கிறது இசைக் கருவிங்க ஒன்னுக்கொன்னு கட்டளை அனுப்பிக்கிற பாஷை, 1983-ல வந்தது, இன்னிக்கும் அதேதான். பாட்ச், அதாவது சேத்து வெச்ச சவுண்ட் செட்டிங், மாத்த ரெண்டே பைட், அதாவது ரெண்டு நம்பர்: மொதல்ல 192 (அது சேனல் 1), அப்புறம் பாட்ச் நம்பர், 0-லேர்ந்து 127 வரைக்கும். ஆனா ஸ்டாம்ப்ல பாட்ச் மாத்துனா சவுண்டு ஒரு நிமிஷம்கூட இல்ல, கண் சிமிட்டுற நேரம் அறுந்துட்டு வரும், சோலோவுக்குள்ள போறப்ப அது அசிங்கமா கேக்கும், அதனால பாட்டுக்கு நடுவுல ஸ்னாப்ஷாட்தான் நல்லது, அதாவது ஒரே பாட்சுக்குள்ளயே சேத்து வெச்ச வேற வேற செட்டிங். அதுக்கு மூணு பைட், 176, 69, அப்புறம் 0 இல்லனா 1 இல்லனா 2. சுருதி பாக்குற டியூனருக்கு நடு பைட் 69-க்குப் பதிலா 68. மூணு ஸ்னாப்ஷாட், ஒரு டியூனர், ஆக நாலு பட்டன். பத்து வெச்சா இருட்டு மேடையில எதுனு தேடிட்டு நிப்பீங்க.

சுவிட்ச் வாங்கறப்ப மொமென்டரினு பாத்து வாங்குங்க, அமுக்குறப்ப மட்டும் கனெக்ஷன் குடுக்குறது. பெடல்ல வர்ற 3பிடிடி சுவிட்ச் பெரும்பாலும் ஒருதடவ மிதிச்சா அப்படியே நிக்கிற வகை, இதுக்கு ஆகாது. மூளைக்கு ஆர்டுயினோ நானோங்கிற சின்ன கம்ப்யூட்டர் போர்டு போதும். ஒவ்வொரு சுவிட்சுலயும் ஒரு கால் கிரவுண்டுக்கு, இன்னொன்னு நானோவோட டி2-லேர்ந்து டி5 வரைக்கும் இருக்குற பின்னுல ஆளுக்கு ஒன்னுக்கு, கோட்ல இன்புட் புல்அப் (INPUT_PULLUP) போட்டுட்டா தனி ரெசிஸ்டர் வேணாம், மிதிச்சா 'லோ' (LOW)னு படிக்கும்.

மிடி சாக்கெட்டுலதான் கவனம் வேணும். அஞ்சு காலுல நடுவுல இருக்குறது 2, அது கிரவுண்டு. அதுக்கு ரெண்டு பக்கமும் 4, 5. நாலுக்கு 5 வோல்ட்லேர்ந்து ஒரு 220 ஓம் ரெசிஸ்டர் வழியா, அஞ்சுக்கு நானோவுல டேட்டா வெளிய அனுப்புற டிஎக்ஸ் (TX) பின்லேர்ந்து இன்னொரு 220 ஓம் வழியா. ஓரத்து ரெண்டு காலும் காலி. சோல்டர் பண்ற பக்கம் பாக்குறப்ப எடம் வலம் மாறித் தெரியும், சாக்கெட்டு மேலயே நம்பர் போட்டிருக்கும், அத பாத்து பண்ணுங்க.

கோட்ல சீரியல் வேகம் 31250. மிதிச்ச அந்த நொடி மட்டும் மெசேஜ் அனுப்பணும், கால் வெச்சிருக்குற வரைக்கும் அனுப்பிட்டே இருக்கக் கூடாது, சுவிட்ச் அதிர்றதுக்கு ஒரு 30 மில்லிசெகண்ட் விட்டுப் படிங்க. அப்லோட் பண்றப்ப மிடி கேபிள கழட்டிடுங்க, ஏன்னா நானோவுல யூஎஸ்பியும் அதே டிஎக்ஸ்தான்.

பெட்டிக்கு ஜன்னல் அடிக்கிற கடையில அலுமினிய ஹாலோ துண்டு, அதான் உள்ள காலியா இருக்குற குழாய், கேளுங்க, வெட்டுன மிச்சம் இருக்கும். மொதல்ல ஆணியால ஒரு புள்ளி தட்டி, 3 மில்லி பிட்டுல ஓட்ட போட்டு அப்புறம் 12 மில்லிக்கு பெருசாக்குங்க, நேரா பெரிய பிட்ட வெச்சா வழுக்கிட்டுப் போகும். நானோவுக்கு அடியில தடிமனான டபுள் டேப், இல்லனா அலுமினியத்துல பட்டு ஷார்ட் ஆயிடும். கோயில் மேடையில செருப்பு போட மாட்டோம் இல்லையா, அந்த மெல்லிசான இரும்பு முனைய வெறுங்கால்ல ராத்திரி முழுக்க மிதிச்சா உள்ளங்கால் வலிக்கும், அதனால அகலமான பிளாஸ்டிக் மூடி ஒன்னு மாட்டிக்குங்க, சுவிட்சுக்கு சுவிட்ச் 7 சென்டிமீட்டர் விடுங்க.

பெடல் அடாப்டர் 9 வோல்ட் போடுறதா இருந்தா அதுல நடு முனைதான் நெகடிவ், வெளி வளையத்த நானோவோட வின் (VIN) பின்னுக்கும் நடு முனைய கிரவுண்டுக்கும் குடுங்க. அலுமினியப் பெட்டியில ஜாக் போடுறப்ப பிளாஸ்டிக் உடம்பு இருக்குற ஜாக்கா வாங்குங்க, இல்லனா பாசிட்டிவ் பெட்டி மேலேயே ஏறிடும்.