வெறுப்புப் பேச்சைப் பிள்ளைகளுக்குப் புரியவைப்பது எப்படி? வீட்டிலேயே தொடங்க ஒரு செய்முறை

கிருஷ்ணகிரி மாவட்டத்தில் பல வகுப்பறைகளில் தமிழ், தெலுங்கு, கன்னடம், உருது நான்கும் பிள்ளைகளின் வீட்டுமொழியாக இருக்கும். ஓசூர் சிப்காட் பக்கம் இந்தியும் சேர்ந்துகொள்ளும். இதன் நடுவில் சாதி, மதம். இங்கே வளரும் பிள்ளை பள்ளிக்கூடம் போன கொஞ்ச நாளிலேயே வெறுப்புப் பேச்சைக் கேட்டுவிடுகிறது. நாம்தான் அதைப் பற்றிப் பேசாமலே இருக்கிறோம். எட்டு வயதுக்கு மேற்பட்ட பிள்ளைகளோடு எப்படித் தொடங்கலாம் என்று எழுதுகிறேன். பெற்றோர், ஆசிரியர், டியூஷன் எடுப்பவர் யாரும் செய்யலாம்.

முதல் படி: திட்டாமல் கேளுங்கள்

"அவன் காலனிப் பையன், அவன்கூட உட்கார மாட்டேன்" என்று பிள்ளை சொன்னால் கை ஓங்கத் தோன்றும். வேண்டாம். அடித்தால் நம் எதிரில் மட்டும் அந்தப் பேச்சு நிற்கும். "இதை யார் சொன்னாங்க? சொன்னப்போ அவன் என்ன பண்ணான்?" என்று கேளுங்கள். இரண்டாவது கேள்விதான் முக்கியம். அழுதானா, சிரித்து மழுப்பினானா, மறுநாள் லீவு போட்டானா என்று பிள்ளை யோசிக்கட்டும்.

இரண்டாம் படி: சீட்டு பிரித்தல்

பழைய நோட்டுத் தாளைக் கிழித்து, சீட்டுக்கு ஒரு வாக்கியமாக எழுதுங்கள். "நீ கபடியில அழுகுணி ஆட்டம் ஆடுற." "உங்க ஆளுங்களே இப்படித்தான்." "உன் கையெழுத்து கோழி கிறுக்கின மாதிரி இருக்கு." "பாகிஸ்தானுக்குப் போடா." "வடக்கனுங்க வந்துதான் ஊரே கெட்டுப்போச்சு."

ஒருவன் செய்ததைச் சொல்லும் சீட்டுகள் ஒரு பக்கம், அவன் பிறப்பைச் சொல்லும் சீட்டுகள் இன்னொரு பக்கம் எனப் பிள்ளையே பிரிக்கட்டும். அழுகுணி ஆட்டத்தை நாளைக்கே நிறுத்திவிடலாம். பிறந்த சாதியையும் வீட்டுமொழியையும் என்ன செய்வது? "எங்க முன்னாடி தெலுங்கு பேசாதே" போல எந்தப் பக்கமும் ஒட்டாத சீட்டு ஒன்றிரண்டு இருக்கட்டும். அதை வைத்துப் பிள்ளைகள் சண்டை போடுவார்கள், விடுங்கள். நன்றாக யோசிப்பது அங்கேதான்.

மூன்றாம் படி: பக்கத்து மாவட்டத்தில் நடந்ததைச் சொல்லுங்கள்

இது பன்னிரண்டு வயதுக்கு மேல். 2012 நவம்பர் 7 அன்று தருமபுரி மாவட்டத்தில் நத்தம் காலனி, அண்ணா நகர், கொண்டம்பட்டி ஆகிய தலித் குடியிருப்புகளில் 200க்கும் மேற்பட்ட வீடுகள் கொளுத்தப்பட்டன. சாதி தாண்டிய ஒரு காதல் திருமணம், பெண்ணின் தந்தை தற்கொலை, அதையடுத்துத் திரண்ட கூட்டம். அதற்கு முன்பே அந்த ஆண்டில் இப்படிப்பட்ட திருமணங்களுக்கு எதிராக மேடைகளில் பேசினார்கள் என்பதையும் சேர்த்துச் சொல்லுங்கள். எரிந்த வீடுகளின் படங்களைக் காட்டிப் பயமுறுத்த வேண்டாம். "ஒரு திருமணத்துக்காக மூன்று ஊர் வீடுகளை ஏன் எரித்தார்கள்?" என்று கேட்டாலே போதும். 'உங்க ஆளுங்களே' என்ற சீட்டைப் பிள்ளைகளே எடுத்துக் காட்டுவார்கள்.

நான்காம் படி: பக்கத்தில் போய் நிற்கப் பழக்குங்கள்

மற்ற எல்லாவற்றையும் விட்டாலும் இதை விடாதீர்கள். வெறுப்பைக் கேட்டதும் எதிர்த்து வாதாடு என்றுதான் பெரியவர்கள் சொல்லிக்கொடுக்கிறோம். ஐந்தாம் வகுப்புப் பிள்ளையால் நாலு பெரிய பையன்களோடு வாதாட முடியாது, அடி விழும். ஆனால் திட்டு வாங்கியவன் பக்கத்தில் போய் நிற்க முடியும். "வாடா, தண்ணி குடிச்சிட்டு வரலாம்" என்று கூட்டிக்கொண்டு போக முடியும். அவமானப்பட்ட பிள்ளைக்கு அந்த நேரத்தில் வேண்டியது அதுதான்: நான் தனியாக இல்லை.

நடித்துப் பாருங்கள். ஒருவர் திட்ட, ஒருவர் வாங்க, ஒருவர் பக்கத்தில் போய் நிற்க. திட்டு வாங்கும் வேடம் உங்களுடையதாக இருக்கட்டும். எந்தப் பிள்ளைக்கும் அதைக் கொடுக்காதீர்கள். தைரியம் வந்தபின் ஒரு வரி சேர்க்கலாம்: "அப்படிச் சொல்லாதடா, நல்லா இல்ல." திட்டியவன் நண்பன் என்றால், பிறகு தனியாகப் பேசுவது நல்லது. கூட்டத்தில் கேட்டால் வீம்புக்கு இன்னும் பேசுவான்.

ஐந்தாம் படி: போன்

2023 மார்ச்சில், தமிழ்நாட்டில் பீகார் தொழிலாளர்களைத் தாக்குகிறார்கள் என்று பொய் வீடியோக்கள் பரவின. அவை பொய் என்று தமிழ்நாடு காவல்துறை அறிவிப்பதற்குள் பலர் பயந்துபோய் ஊருக்குக் கிளம்பிவிட்டார்கள். இதைச் சொல்லிவிட்டு வழக்கத்தைக் கற்றுக்கொடுங்கள்: அனுப்பாதே, பதில் போடாதே, ஸ்கிரீன்ஷாட் எடுத்து என்னிடம் காட்டு, அப்புறம் ரிப்போர்ட் செய்து பிளாக் பண்ணு. சாதிப் பெருமை ஸ்டேட்டஸ்களுக்கும் இதே கதைதான்.

ஆறாம் படி: நம் வீட்டுப் பெரியவர்கள்

கடினமான படி இது. அரசுப் பாடநூலின் முதல் பக்கங்களில் "தீண்டாமை ஒரு பாவச்செயல்" என்று படித்துவிட்டு வரும் பிள்ளை, காட்டு வேலைக்கு வந்தவருக்கு வேறு டம்ளரில் டீ போவதைப் பார்க்கிறது. நம் சீட்டு விளையாட்டெல்லாம் அங்கே வீணாகிவிடும். முதலில் டம்ளரை மாற்றுங்கள். பாட்டியோ பெரியப்பாவோ தவறாகப் பேசினால், பிள்ளை காதில் விழும்படி, மரியாதையோடு, "பெரியப்பா, அப்படிப் பேச வேண்டாங்க" என்று சொல்லுங்கள். அவர் மாறாமல் போகலாம். இந்த வீட்டில் அதற்கு எதிர்ப்பு உண்டு என்பதைப் பிள்ளை கேட்க வேண்டும்.

ஏழாம் படி: பள்ளியும் சட்டமும்

ஒருமுறை நடந்தால் வகுப்பாசிரியரிடம் பேசுங்கள். தொடர்ந்தால் தேதி, இடம், சொன்ன வார்த்தை மூன்றையும் எழுதித் தலைமை ஆசிரியரிடம் கொடுங்கள். "பசங்க விளையாட்டு" என்ற பதிலை ஏற்காதீர்கள். நாங்குநேரியில் 2023 ஆகஸ்டில் ஒரு மாணவரும் அவர் தங்கையும் சக மாணவர்களால் வெட்டப்பட்டார்கள். அதையடுத்து அமைக்கப்பட்ட நீதியரசர் சந்துரு குழு, மாணவர்கள் சாதிக் கயிறு கட்டத் தடை வேண்டும் என்று 2024இல் பரிந்துரைத்தது. பள்ளிக் கல்வித்துறை உதவி எண் 14417, குழந்தைகள் உதவி எண் 1098. தலித், பழங்குடி மக்களைப் பலர் அறியச் சாதிப் பெயர் சொல்லி இழிவுபடுத்துவது 1989ஆம் ஆண்டு வன்கொடுமைத் தடுப்புச் சட்டப்படி குற்றம்.

திட்டியது உங்கள் பிள்ளையாக இருந்தால், எல்லார் முன்னும் மன்னிப்புக் கேட்கவைக்காதீர்கள். பாதிக்கப்பட்ட பிள்ளைக்கும் அது இன்னொரு அவமானம். அந்தப் பிள்ளைக்குச் சம்மதம் என்றால் தனியாகப் போய்ச் சொல்லட்டும். ஒரு வாரம் கழித்து, அந்தப் பிள்ளை மதிய உணவுக்கு யாரோடு உட்காருகிறது என்று ஆசிரியரிடம் கேளுங்கள். தனியாகத்தான் என்றால், நான்காம் படியை மறுபடி செய்ய வேண்டும்.